புதுவெளியில் ஒரு சீனக் கோயில்

கடலூர் முதுநகரில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பயணத்துக்கு வித்து விழுந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் நாகப்பட்டினத்து விசைப்படகில் வேலை பார்ப்பவர். வலை, டீசல், ஆள் கூலி என்று போய்க்கொண்டிருந்த பேச்சு எப்படியோ கலங்கரை விளக்கத்துக்கு வந்தது. “லைட் ஹவுசெல்லாம் நேத்து வந்தது சார். எங்க ஊர்ல சீனாக்காரன் கட்டுன கோயில் ஒண்ணு இருந்துச்சாம். காட்டுக்குள்ள தனியா நிக்குமாம். அதப் பாத்துதான் கப்பக்காரன் கரை புடிப்பானாம். எங்க தாத்தா சொல்லும்.”

தாத்தா பார்த்திருக்க முடியாது. அந்தக் கோபுரத்தை இடித்தது 1867இல். தாத்தாவுக்கு அவருடைய தாத்தா சொல்லியிருக்க வேண்டும். இடிந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் ஒரு கட்டடம் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பேசுகிறது என்றால், நேரில் போய் விசாரிக்காமல் இருக்க முடியுமா?

அடுத்த வாரமே கிளம்பினேன். சிதம்பரத்தில் இறங்கி மைத்துனனையும் சேர்த்துக்கொண்டேன். அவனுக்குக் கோயில், கல்வெட்டு எதிலும் நாட்டமில்லை. ஆனால் கார் வைத்திருக்கிறான், நாகையில் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும்.

சிதம்பரத்தை விட்டுப் புறப்படுமுன் நடராசர் கோயிலுக்குள் அவனை அழைத்துப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே ஒரு விசித்திரமான செய்தியைச் சொல்கிறது. காம்போஜ மன்னன், அதாவது கம்போடிய அரசன், முதலாம் குலோத்துங்கனுக்கு ஒரு கல்லைக் காட்சிப் பொருளாக அனுப்பியிருக்கிறான். பொன் அல்ல, மணி அல்ல, கல். அதை வாங்கிய சோழன் திருஎதிரம்பலத்து முன்வரிசையில் பதிக்கச் சொல்லிவிட்டான். கம்போடியாவோடு மட்டுமல்ல, சீனத்துக்கும் இந்தக் கரைக்கும் இடையிலும் அப்போது அவ்வளவு போக்குவரத்து. ராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. 1077இல் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் போனார்கள்.

“அந்தக் கல்லு எது மாமா?” என்றான் மைத்துனன்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். எண்ணெயும் விபூதியும் ஏறி, ஆயிரம் வருஷக் கால்கள் தேய்த்து, எல்லாக் கல்லும் ஒரே நிறம். கம்போடியாக் கல் எப்போதோ சிதம்பரத்துக் கல்லாகிவிட்டது. “ஏதோ ஒண்ணு” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இடித்த கோயிலைப் பார்க்கக் காரில் பெட்ரோல் போட்டிருக்கிறோமே என்ற கவலை அந்தப் பார்வையில் இருந்தது.

தில்லை மரக் காட்டுக்குள் இருந்த கோயில் என்பதால்தான் இந்த ஊருக்குத் தில்லை என்று பெயர். ஊருக்குள் இன்று காடு இல்லை. தில்லை மரத்தைப் பார்க்கப் பிச்சாவரத்துச் சதுப்புக்குத்தான் போக வேண்டும். இங்கே காடு போய்க் கோயில் நின்றது. நாகையில் கோயில் போய்விட்டது. காடாவது மிச்சம் இருக்கிறதா பார்ப்போம் என்று கொள்ளிடத்தைத் தாண்டினோம்.

வழியில் சொல்ல அதிகமில்லை. கொள்ளிடத்தில் தண்ணீரைவிட மணல் அதிகம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தால் கால் மணி நேரம் நின்றோம். மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தாவும் பாட்டியும் ஆட்டோவில் ஏற முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டைக்கு வழிகாட்டும் பலகையைப் பார்த்தபடி கடந்தோம். காரைக்காலில் பெட்ரோல் போட்டோம். நாகூர் மினாரைப் பார்த்ததும் கடல் காற்றின் வாடை மாறியது.

நாகையில் வெளிப்பாளையம் பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தேன். “இங்க சீனக் கோயில்னு ஒண்ணு...”

“சீனிவாசப் பெருமாளா? நேராப் போய் லெப்ட்ல திரும்புங்க.”

“பெருமாள் இல்லீங்க. சீனா. சீனாக்காரங்க கட்டுனது. இடிச்சுட்டாங்க.”

“இடிச்ச கோயிலுக்கு எதுக்குப் போறீங்க?” என்று கேட்டார் டீ மாஸ்டர். நியாயமான கேள்விதான். பெஞ்சின் மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். “புதுவெளி கோபுரத்தக் கேக்கறாரு. இந்தச் சுத்து வட்டாரத்துலதான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க தம்பி. புத்தர் சிலையெல்லாம் அங்கதான் எடுத்தது. இப்ப ஒண்ணும் இல்ல.”

புதுவெளி கோபுரம். வெள்ளைக்காரர்களின் எழுத்தில் மட்டும் படித்திருந்த பெயரை ஒரு தமிழ் வாயிலிருந்து முதல் முறையாகக் கேட்டேன். அந்தக் கட்டடத்துக்குப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. சீனப் பகோடா, கறுப்புப் பகோடா, பழைய பகோடா, சமணப் பகோடா என்றெல்லாம் ஐரோப்பியர்கள் மாற்றி மாற்றி எழுதினார்கள். டச்சுக்காரரான வாலண்டைன் 1720களில் அச்சான தன் பெரும் நூலில் ‘சீனப் பகோடா’ என்றே குறிப்பிட்டார். இத்தனை பெயர் வந்ததற்குக் காரணம், அது என்ன என்று சொல்ல அங்கே ஒரு பூசாரியோ பிக்குவோ இல்லாமல் போனதுதான். சொந்தக்காரன் இல்லாத வீட்டுக்கு ஊரில் ஆளுக்கொரு பெயர் வைப்பதில்லையா, அதுபோல.

அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்கு வால்டர் எலியட் என்ற அதிகாரியே காரணம். 1846இல் அவர் நாகைக்கு வந்தபோது கோபுரம் நின்றிருந்தது. ஏறக்குறைய நாற்சதுரமான மூன்று நிலைக் கோபுரம். செங்கற்களைச் சாந்து வைக்காமலே ஒன்றோடொன்று இழைத்து அடுக்கியிருந்தார்கள். முதல் இரண்டு நிலைகளுக்கும் நடுவே கபோத வேலைப்பாடு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வாசலோ சன்னலோ போல ஒரு திறப்பு. உள்ளே தளங்கள் இற்று விழுந்து, கீழே நின்று அண்ணாந்தால் உச்சி வரை வெறும் வெளி. சிற்பமும் இல்லை, எழுத்தும் இல்லை. 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இதையெல்லாம் படத்தோடு எழுதினார். எழுதும்போது கோபுரம் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் படத்தைப் போனில் வைத்திருந்தேன். பெரியவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நம்ம கோயில் மாதிரி இல்லியே” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தஞ்சை விமானத்தின் சாயலும் இல்லை, சீனத்துப் பகோடாவின் வளைந்த கூரையும் இல்லை. எந்த ஊருக்கும் முழுதாகச் சேராத ஒரு உருவம்.

அப்படியானால் சீனப் பெயர் எங்கிருந்து வந்தது? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஒரு சீனப் பயணி. வாங் தாயுவான் என்பவர் 1330களில் சீனத்தின் சுவான்சோ துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தெற்குக் கடல் நாடுகளைச் சுற்றி வந்து, 1349இல் ஒரு நூல் எழுதினார். அதில் ‘மண் கோபுரம்’ என்று ஒரு பகுதி வருகிறது. பா-தான் என்ற ஊரின் சமவெளியில், மரமும் கல்லும் சூழ்ந்த இடத்தில், பல ஆள் உயரத்துக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நிற்பதாகவும், சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்ததாக அதில் சீன எழுத்தில் பொறித்திருப்பதாகவும் சொல்கிறார். சீனர்கள் அங்கே வந்து எழுதி வைத்தது, தன் காலம் வரை அழியவில்லை என்றும் சேர்க்கிறார். சியான்சுன் மூன்றாம் ஆண்டு என்றால் 1267. பா-தான் என்பது நாகப்பட்டினம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

1267இல் கட்டி முடித்தது, 1867இல் இடித்தது. ஒரே கோபுரம் என்றால் சரியாக 600 வருஷம். கணக்கு இவ்வளவு பொருத்தமாக வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எலியட் பார்த்தபோது எழுத்து எதுவும் இல்லை. அது சீனர் கட்டியதல்ல, அதற்கும் முன்னால் ஸ்ரீவிஜய அரசர்கள் கட்டிய சூடாமணி விகாரத்தின் மிச்சம் என்று சொல்பவர்களும் உண்டு. சுமத்திராப் பக்கத்து அந்தப் பேரரசின் மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரால் எழுப்பிய விகாரம் அது. அதற்கு ராசராசன் ஆனைமங்கலம் ஊரை விட்டுக்கொடுத்த செப்பேடுகள் கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய், ‘லைடன் செப்பேடுகள்’ என்றே பெயரும் வாங்கிக்கொண்டன. எனக்குத் தோன்றுவது இதுதான்: சுமத்திராக்காரன் கட்டிய விகாரத்தின் அருகில் சீன வணிகர்களும் வந்து தங்களுக்கென்று ஒன்று எழுப்பியிருப்பார்கள். துறைமுகத்து மனிதர்கள் ஏற்கெனவே விளக்கெரிகிற இடத்தின் பக்கத்தில்தான் தங்கள் விளக்கையும் வைப்பார்கள்.

வாங் தாயுவானின் அந்த ‘மரமும் கல்லும்’ என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மரம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவோம் என்று, வீடுகள் முடிந்து சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்த ஒரு பொட்டலுக்குள் இறங்கினேன். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. நாற்பது அடி போனதும் புதருக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. செங்கல்! அடுக்கடுக்காகச் செங்கல், பாதி மண்ணுக்குள். நெஞ்சு அடித்துக்கொண்டது. “மாப்ளே, இங்க வாடா!” என்று கத்தினேன்.

அவன் வந்தான், குனிந்தான், ஒன்றைப் பெயர்த்து மண்ணைத் தட்டினான். “மாமா, இதுல சேம்பர் பேரு இங்கிலீஷ்ல இருக்கு” என்றான். யாரோ கம்பவுண்டு கட்ட இறக்கிவிட்டு, கட்டாமல் போன செங்கல். முள் குத்திய கையை உதறிக்கொண்டு வெளியே வந்தேன். சாலைக்கு வந்த பிறகுதான் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மீன் சாப்பாடு அவன் சொன்னபடி நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே இடித்த கதையை அவனுக்குச் சொன்னேன்.

நாகையில் இயேசு சபைப் பாதிரிமார்கள் 1844இல் ஒரு கல்லூரி தொடங்கியிருந்தார்கள். இன்று திருச்சியில் இருக்கும் புனித வளனார் கல்லூரியின் பிறப்பிடம் இதுதான். 1883இல்தான் அது திருச்சிக்குப் போனது. கோபுரம் நின்ற நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே 1856இல் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் ஐந்து சிறு படிமங்கள் கிடைத்தன. மரம் நின்றவரை அவை பத்திரமாகத்தான் இருந்தன. பிறகு வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாகத் தோண்டத் தோண்டப் புத்தர் படிமங்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் முந்நூற்றைம்பது வரை தேறியது. பலவும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டி.என். ராமச்சந்திரன் 1954இல் அவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

பாதிரிமார்கள் 1859இல் அரசுக்கு ஒரு விண்ணப்பம் போட்டார்கள். கோபுரம் சிதைந்து கிடக்கிறது, இடித்து அந்தச் செங்கல்லைக் கொண்டு கல்லூரி வேலையை நடத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. உடனே கிடைக்கவில்லை. காரணம் பக்தியோ வரலாறோ அல்ல, கப்பல். நாகைக்கு வரும் மாலுமிகளுக்கு அது கரை அடையாளம். இடிக்காமல் பழுதுபார்த்து வைக்கலாம் என்ற யோசனைகூட இருந்தது. ஐஸ் பெட்டிக்காரரின் தாத்தா சொன்னது சரிதான். அந்தக் கோபுரத்தை அதுவரை காப்பாற்றிக் கொடுத்தது கடல். கடைசியில் 1867 ஆகஸ்டில் சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

“பாதிரிமாருங்க பண்ணது தப்புதான மாமா?” என்றான் மைத்துனன்.

அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கடலூர்க்காரன். என் ஊரின் பழைய பாடலிபுரத்தில் பெயர் பெற்ற சமண மடம் இருந்தது. அப்பர் தருமசேனராக இருந்த இடம் அதுதான் என்பார்கள். மதம் மாறிய பல்லவ அரசன் அந்தப் பாழியையும் பள்ளிகளையும் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெருமையாகவே சொல்கிறது பெரியபுராணம். இதே நாகையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துப்போய்த் திருவரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. வேறு மதத்தின் செங்கல்லுக்கு நம் வீட்டில் எப்போதும் வேலை இருந்திருக்கிறது. 1867இல் வித்தியாசம் ஒன்றுதான்: விண்ணப்பம், பரிசீலனை, உத்தரவு என்று காகிதத்தில் நடந்தது. அதனால் நமக்குத் தேதி தெரிகிறது.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைப்பானேன். அந்தக் கோபுரத்தை இடிக்க வேண்டாம் என்று ஊரிலிருந்து யாராவது ஒரு விண்ணப்பம் போட்டார்களா? நான் படித்த வரையில் எதிர்வாதமாகக் கண்ணில் பட்டது கப்பல் ஒன்றுதான். புத்தருக்குப் பேச நாகையில் அப்போது ஆளில்லை. சீன வணிகர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கோயிலில் சாமி கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு சாமி கும்பிடப் போய்விட்டார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னபோதுதான் மைத்துனன் மீன் முள்ளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். வாங் தாயுவான் கப்பலேறிய அதே சுவான்சோவில் தமிழ் வணிகர்களுக்கு ஒரு சிவன் கோயில் இருந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281 சித்திரை மாதத்தைச் சேர்ந்தது. தவச்சக்கரவர்த்திகள் என்கிற சம்பந்தப் பெருமாள், திருக்கதலீசுவரமுடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார் என்கிறது. எதற்கு? மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் நலத்துக்கு! நாகையில் சீனக் கோபுரம் முடிந்து பதினான்கே வருஷம். அந்தப் பதினான்கு வருஷத்துக்குள் இரண்டு பக்கமும் அரசு மாறிவிட்டது. சோங் வம்சம் 1279இல் கடலோரப் போரில் முடிந்தது. சோழர் வம்சத்தின் கடைசி அரசன் மூன்றாம் ராசேந்திரனுக்கும் வரலாற்றாசிரியர்கள் கொடுக்கிற கடைசி ஆண்டு 1279தான். வியாபாரிகள் அசரவில்லை. இவர்கள் அங்கே சிவனுக்குக் கல் செதுக்கினார்கள், அவர்கள் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்தது சும்மா இல்லை.

சுவான்சோச் சிவன் கோயிலும் இன்றில்லை. அதுவும் இடிந்து, அதன் கற்களை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பின்மண்டபத்தில் கண்ணன் கதை செதுக்கிய நம் தூண்கள் இரண்டு சீனக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. பக்கத்தில் ஒரு கிராமத்தில் நம் ஊர்த் தேவி சிற்பம் ஒன்றைக் குவான்யின் என்று வணங்கிப் பத்தி கொளுத்துகிறார்கள்.

“அப்ப அவங்க கோயில நாம இடிச்சோம், நம்ம கோயில அவங்க இடிச்சாங்க. கணக்கு சரியாப் போச்சு” என்றான்.

“கணக்கு சரியாகலடா. அங்க நம்ம தூணு ரெண்டு நிக்குது. இங்க ஒரு செங்கல் காட்டு பாப்பம்” என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்று, கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மாலுமி நோக்கில் பார்க்க வேண்டும் என்று ஆசை. செல்போன் கோபுரங்கள் நாலைந்து தெரிந்தன.

திரும்பும் வழியில் அவனுக்கே என்ன தோன்றியதோ, “செங்கல்தான மாமா பாக்கணும்?” என்று திருக்கடையூர் தாண்டியதும் பூம்புகார்ப் பக்கம் வண்டியைத் திருப்பினான். பல்லவனேச்சுரத்தில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டி வெளிக்கொணர்ந்த புத்த விகாரத்தின் அடித்தளம் திறந்தவெளியில் கிடக்கிறது. நாகைக் கோபுரத்துக்கும் பல நூற்றாண்டு மூத்தது. புத்தர் பாதம் பொறித்த பளிங்குக் கல் ஒன்றும் அங்கே கிடைத்தது.

நாங்கள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடுப்பளவுச் சுவர்கள், சிறுசிறு அறைகள். நம் சேம்பர் செங்கலைவிடப் பெரிய, தட்டையான செங்கற்கள். மழையில் ஓரம் மழுங்கி, சில இடத்தில் பாசி பிடித்து. ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தேன். பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது. மைத்துனன் கீழே குனிந்து பார்த்தான். “பேரு எதுவும் இல்ல மாமா” என்றான், சிரிக்காமல்.

வேலி இடுக்கு வழியாக ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் உள்ளே வந்தார். அவருடைய கிடா ஒன்று சுவர்மேல் தாவி ஏறி, செங்கல் இடுக்கில் முளைத்த புல்லைக் கடிக்கத் தொடங்கியது. கையிலிருந்த குச்சியைத் தரையில் தட்டினார் அவர்.

“ஏய், கோயிலு மேல ஏறாத. எறங்கு.”

கிடா இறங்கியது.